வெள்ளைப் பீப்பாயின் தண்ணீர்

ஜூன் 3, மாவுன்

மறுபடியும் அதே பேச்சு. புதுக் கூட்டம் வந்திறங்கிய முதல் மாலை, லாரிக்குப் பக்கத்தில் எல்லாரையும் உட்கார வைத்து ஒப்பித்தேன். கூடாரத்துக்குள் தின்பண்டம் வைக்காதீர்கள், கழுதைப்புலி மோப்பம் பிடித்து வரும். செருப்பை வெளியே விடாதீர்கள். சாப்பிடும் முன் மருந்து கலந்த தொட்டியில் கை கழுவுங்கள். குடிதண்ணீர் வெள்ளைப் பீப்பாயில் இருக்கிறது. குழாயைத் திறந்து பிடியுங்கள், மூடியைத் திறக்காதீர்கள். காட்டில் ஒதுங்கினால் மண்வெட்டியோடு போங்கள், காகிதத்தைக் கொளுத்திவிட்டு வாருங்கள்.

மெத்தென்ற பைதான் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியனுப்புகிறோம். க்ளைவ் என்ற இங்கிலாந்துக்காரர் சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியோடு வந்திருக்கிறார். லாரியின் சாமான் அறைக்குள் அது நுழையவில்லை. நாளெல்லாம் என் காலடியில் இடிக்கப்போகிறது.

"நான் ஆப்பிரிக்காவுக்கு வராத வருஷமே கிடையாதும்மா. இதெல்லாம் புதுசா வர்றவங்களுக்குச் சொல்லு," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலேயே இந்தப் பயணத்துக்கு வழிகாட்டி யார் என்பது முடிவாகிவிட்டது. நான் வண்டி ஓட்டுகிறவள், அவ்வளவுதான்.

ஜூன் 5, க்வாய் ஆற்றங்கரை

யானைகளைப் பற்றி எழுத ஆசை. ஆனால் விடிந்ததும் மண்வெட்டியோடு கூடாரங்களைச் சுற்றி வந்ததுதான் மனசில் நிற்கிறது. ஒவ்வொரு புதருக்குப் பின்னாலும் வெள்ளைக் காகிதம். கொளுத்தவில்லை, புதைக்கவில்லை, மேலே ஒரு பிடி மண்கூடப் போடவில்லை. தங்கள் வீட்டு வாசலில் இப்படிச் செய்வார்களா?

சீ.

எங்கள் சமையல்காரன் ஒடிரிலே களி கிண்டிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தான். "அக்கா, மூஞ்சியைக் கழுவிட்டு வா. இல்லேன்னா இன்னிக்கு யாருக்கும் சோறு இறங்காது." இவன் கையால் சாப்பிட்டுக்கொண்டு வருஷக்கணக்காக இந்த லாரியை ஓட்டுகிறேன். சமைக்கும் முன் முழங்கை வரை தேய்த்துக் கழுவுகிறவன்.

ஜூன் 7, சவூட்டி போகும் வழி

நாலைந்து பேருக்கு வாந்தி, பேதி. மணல் பாதையில் ஐம்பது அடிக்கொரு முறை வண்டியை நிறுத்தினேன். நிறுத்துவதற்குள்ளேயே ஒருவர் இருக்கையில் கழிந்துவிட்டார். பிர்கிட் என்ற டென்மார்க் அம்மாள்தான் மோசம். கண் செருகிப் போய், உப்புச் சர்க்கரைத் தண்ணீர்கூட உள்ளே நிற்கவில்லை. போர்வைகளை நான்தான் அலசினேன். கை எவ்வளவு கழுவினாலும் அந்த வாடை போகவில்லை.

க்ளைவ் கல்லுமாதிரி இருக்கிறார். முந்தாநாள் ஒடிரிலே சமைத்த கோழிதான் காரணம் என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

ராத்திரி யாரும் தட்டெடுக்கவில்லை. பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்துத் தின்றார்கள். இடித்த இறைச்சி சட்டியிலேயே ஆறிப்போனது. ஒடிரிலே அடுப்பருகில் தன் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு பெண் அவன் கையைப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்தவளிடம் ஏதோ சொன்னாள். அவனும் பார்த்தான்.

ஜூன் 8, சவூட்டி

பார்த்துவிட்டேன்.

விடியற்காலை. வெள்ளைப் பீப்பாயின் மூடி திறந்து கிடக்கிறது. க்ளைவ் உள்ளே கையை விட்டு மொள்ளுகிறார். எதில்? சவரம் செய்கிற குவளையில். விளிம்பில் சோப்பு நுரை இன்னும் காயவில்லை. க்வாயில் நீர்யானை கழிந்து கலக்குகிற ஆற்றில் இறங்கி அதே குவளையில்தானே சவரம் செய்தார்? "குழாய்ல சொட்டுச் சொட்டா வருது. யாரு நிக்கறது?" என்கிறார், கூச்சமே இல்லாமல். தினமும் இப்படித்தானாம்.

பீப்பாயைச் சாய்த்து முழுவதையும் மணலில் கொட்டினேன்.

வனக்காவல் முகாம் ஆழ்குழாய்க் கிணற்றில் பீப்பாயைத் தேய்த்து, தண்ணீர் பிடித்து, திரும்பி வருவதற்குள் க்ளைவ் செயற்கைக்கோள் போனில் முதலாளி வெஸ்ஸலைப் பிடித்துவிட்டார். வெஸ்ஸல் என்னிடம் பேசினார். சமையல்காரனைக் கசானேயில் இறக்கிவிட வேண்டுமாம், விருந்தாளிகளிடம் மன்னிப்பும் கேட்க வேண்டுமாம். குவளை விஷயத்தைச் சொன்னேன்.

"நீ சொல்றது நிஜமாவே இருக்கட்டும் மசெகோ. அந்த ஆளு ஊருக்குப் போய் நாலு வார்த்தை எழுதினா அடுத்த வருஷம் நமக்கு யாரு வருவா? ஒரு சமையல்காரன்தானே."

ஒரு சமையல்காரன்தானே.

அதே நாள், மாலை

பிர்கிட் அம்மாள் எழுந்து உட்கார்ந்தார். கஞ்சி கொண்டு போனேன். அவராகவே மெல்லச் சொன்னார்: அவர் கறியே தொடுவதில்லை. அந்தக் கோழியை வாயில் வைக்கவே இல்லை. ரொட்டி, தேநீர், நிறையத் தண்ணீர், அவ்வளவுதான்.

இதை எல்லார் முன்னாலும் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். பார்ப்போம் என்றார்.

சாப்பாட்டு நேரத்தில் நானே எழுந்து குவளையைப் பற்றிச் சொன்னேன். க்ளைவ் குரலை உயர்த்தவேயில்லை. என் ஆளைக் காப்பாற்ற நான் கதை கட்டுகிறேனாம், அது இயல்புதானாம். "கோழி தின்னாதவங்களுக்கும் வந்திருக்கு, கேளுங்க," என்று பிர்கிட் பக்கம் திரும்பினேன். எல்லாரும் திரும்பினார்கள். அந்த அம்மாள் கரண்டியால் தட்டின் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

பிறகு தனியாக என்னிடம் வந்து, "நான் லீவுக்கு வந்திருக்கேன்மா. சண்டையெல்லாம் வேண்டாமே," என்றார்.

புதருக்குப் பின்னால் கிடந்த காகிதத்தை மண்வெட்டியால் அள்ளிவிடலாம். இதை எதனால் அள்ளுவது?

ஜூன் 9

இன்றைக்கு எல்லாரும் தொட்டி முன்னால் வரிசையில் நின்று, நுரை பொங்கப் பொங்கக் கை கழுவினார்கள். குழாயைத் திறந்துதான் தண்ணீர் பிடித்தார்கள். அப்படியானால் நம்பிவிட்டார்கள்தானே? ஒடிரிலேயிடம் ஒரு வார்த்தை? இல்லை. ஒருவர்கூட இல்லை.

ஜூன் 10, கசானே

மாற்றுச் சமையல்காரர் காத்திருந்தார். ஒடிரிலே தன் கத்திகளைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தான். வெஸ்ஸலிடம் இன்னொரு தடவை மன்றாடிப் பார்க்கிறேன் என்றேன். வேண்டாம் என்று அவன் தலையாட்டினான்.

"குவளைய நீ பார்த்தது சரிக்கா. ஆனா என் கையைப் பார்த்தாங்க பாரு ஒரு பார்வை, அதோட நான் எப்படி மாவு பிசைவேன்?"

பிர்கிட் அம்மாள் இறங்கி வந்து அவனிடம் கை நீட்டினார். கண்ணில் தண்ணீர்.

"கையைக் கழுவிட்டு வர்றேன்மா," என்றான் ஒடிரிலே, மரியாதையாக. முகாமின் பின்பக்கமாக நடந்தவன் திரும்பி வரவில்லை.

அந்த அம்மாள் நீட்டிய கையோடு நின்றார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் எனக்குள் இரக்கம் சுரக்கவில்லை. என்ன செய்ய?

வண்டிக்குள் ஏறிச் சாவியைப் போட்டேன். திருப்ப முடியவில்லை. மேலே இருந்து க்ளைவ், "என்ன தாமதம்?" என்றார். சாவியை உருவிப் புதுச் சமையல்காரர் கையில் கொடுத்துவிட்டு என் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். வெஸ்ஸல் வேறு ஓட்டுநரை அனுப்பட்டும், இல்லை அவரே வந்து ஓட்டட்டும்.

செய்தது சரியா?

ஜூன் 12

வெஸ்ஸல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். எடுக்கவில்லை.

ஜூலை 19, கசுங்குலா

எல்லைச் சாவடிக்கு வெளியே சரக்கு லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கின்றன. அவற்றின் ஓரத்தில்தான் ஒடிரிலேயும் நானும் சேர்ந்து போட்ட சாப்பாட்டுக் கடை. காலையில் பொரித்த மாவுருண்டை வெயில் ஏறுவதற்குள் தீர்ந்துவிட்டது. கோழியும் பாதிச் சட்டிதான் மிச்சம். ஒடிரிலே மாவு பிசைகிறான், நான் பொரிக்கிறேன், திட்டும் வாங்குகிறேன். "அக்கா, அது ஸ்டியரிங் இல்ல, கரண்டி. மெதுவாத் திருப்பு." ஜாம்பியா ஓட்டுநர் ஒருவர், அவன் கையிலிருந்து உருண்டையை நேராக வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, இன்னொன்றுக்கு அதே கையை நீட்டச் சொன்னார்.

மதியம் என் பழைய லாரி அந்த வழியாகப் போனது. ஓட்டுநர் புதியவர், மேலே புதுக் கூட்டம். ஜன்னலோரம் ஒரு பெண் எங்களைப் பார்த்துக் கையசைத்தாள். நானும் எண்ணெய் சொட்டுகிற கரண்டியை அசைத்தேன்.