மஞ்சள் குடைக்காரி

அருவி விடுதி,
பிப்ரவரி 9

அன்புள்ள கோபக்காரிக்கு,

அக்கா வீட்டில் சௌக்கியமா? இங்கே போன் எடுக்காது, அதனால்தான் கடிதம். சூரியன் மலை இடுக்கு வழியாகச் சரியும் வாரம் வந்துவிட்டது. மேகம் வழிவிட்டால், மாலையில் சில நிமிடங்கள் மலையெல்லாம் இருண்டு கிடக்க, அருவி மட்டும் தீப்பிடித்து எரியும். பெண்டாட்டியை விட்டுவிட்டு இந்தத் தண்ணீரைக் கட்டிக்கொண்டு அழுகிறேன் என்று திட்டினாயே, வந்து நீயே பார். வந்தால் என்னோடு வீட்டுக்குத் திரும்புகிறாய் என்று எடுத்துக்கொள்வேன். வராவிட்டால் இனி தொந்தரவு செய்யமாட்டேன். மேல் பாலத்தில் கேமராவோடு நிற்பேன்.

உன் படக்காரன்

பிப்ரவரி 20

அன்புள்ள உனக்கு,

நீ வரவில்லை. பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்ததுதான் மிச்சம். படம் மட்டும் கிடைத்தது, இந்தக் கடிதத்தோடு ஒரு பிரதி வைத்திருக்கிறேன். கடைசி நாள், சரியாக வெளிச்சம் விழும் நேரத்தில் எவளோ ஒருத்தி மஞ்சள் குடையோடு கீழ்ப் பாறையில் வந்து நின்றுகொண்டாள். இரைச்சலில் கத்தியும் பயனில்லை. தள்ளு தள்ளு என்று கையை வீசினால், அவளும் பதிலுக்குக் கையாட்டுகிறாள்! மறுபடி வீசிய பிறகுதான் நகர்ந்தாள். நல்ல வெளிச்சம் வந்த படத்தில் அவள் பொட்டாக விழுந்திருந்தாள். கம்ப்யூட்டரில் சுத்தமாகத் துடைத்துவிட்டேன். எங்கே நின்றாள் என்று உன்னால்கூடக் கண்டுபிடிக்க முடியாது.

உன் துணிமணிகளை அனுப்பட்டுமா?

படக்காரன்

பிப்ரவரி 26

உங்களுக்கு,

படம் அழகாகத்தான் இருக்கிறது. அக்கா பார்த்துவிட்டு, "இதுக்காகவா அந்த மனுஷன் அங்கேயே கெடக்குறாரு? கெடக்கலாம்தான் போல"ன்னாள்.

எங்கே நின்றேன் என்று எனக்குத் தெரியும். பஸ் வழியில் பழுதாகித் தாமதமாகிவிட்டது. பாலத்துக்கு ஏற நேரமில்லாமல் கீழ்ப் பாறைக்கு ஓடினேன். குடை அக்காவுடையது. நீங்கள் கூப்பிடுகிறீர்கள் என்று நினைத்துத்தான் கையாட்டினேன். மறுபடியும் வீசியபோது, போகச் சொல்கிறீர்கள் என்று புரிந்தது. என்னைத் தெரிந்தே துரத்திவிட்டீர்கள் என்று இத்தனை நாளும் அழுதேன். யாரென்றே தெரியாமல் துரத்தினீர்கள் என்று இப்போது தெரிகிறது. எது பெரிய வலி என்று சொல்லத் தெரியவில்லை.

சும்மா வேடிக்கை பார்க்க வந்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். துணி அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு
நான்

மார்ச் 2

என் கண்ணே,

துடைக்காத படத்தைத் திறந்து, உன்னைத் தேடிப் பெரிதாக்கிக்கொண்டே போனேன். குடைக்குள் உன் கை. காலடியில் நம் கல்யாணத்துக்கு வாங்கிய பெரிய பெட்டி. வேடிக்கை பார்க்க வருகிறவள் அதைத் தூக்கிக்கொண்டா வருவாள்? அடுத்த படத்தில் பெட்டியை இழுத்துக்கொண்டு போகிறாய். அதற்கடுத்ததில் பாறை காலி. எல்லாவற்றையும் நானே எடுத்திருக்கிறேன். சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அங்கே வருகிறேன். திட்டு, அடி, என்ன வேண்டுமானாலும் செய். பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன்
நான்

மார்ச் 8

உங்களுக்கு,

நான் ஊரில் இல்லை என்று அக்கா உங்களிடம் சொன்னது பொய். உள்ளேதான் இருந்தேன். நீங்கள் எதிர்க்கடை வாசலில் சாயங்காலம் வரை நின்றதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ரொம்ப இளைத்துவிட்டீர்கள். சட்டையில் மேல் பித்தான் இல்லை. வலது காலைச் சற்றுத் தாங்கித் தாங்கி நடக்கிறீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். கதவைத் திறந்தால் உங்களோடு கிளம்பிவிடுவேன் என்று பயந்துதான் திறக்கவில்லை.

இனி எழுத வேண்டாம்.