நீ சொல்லச் சொன்னது

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்காலில் தையல் பிரித்தாயிற்றா? அம்மா எதுவும் சொல்வதில்லை.

நேர்மையான ஆட்டத்துக்கான உலக விருதை எனக்குக் கொடுக்கப்போகிறார்களாம். இரட்டையர் அரையிறுதியில், வெளியே போன இறகுப்பந்து என் மட்டையில் உரசியதை நானே நடுவரிடம் ஒப்புக்கொண்டேனாம். அந்தப் புள்ளி எதிரணிக்குப் போனதால்தான் நாம் தோற்றோமாம்.

அன்று நான் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன். நீதான் பின்னாலிருந்து, "சத்தம் எனக்கே கேட்டுச்சு. போய்ச் சொல்லுடி," என்றாய். தோற்றால், அந்த முழங்காலோடு அதுதான் உன் கடைசி ஆட்டம் என்று உனக்குத் தெரிந்திருந்தது.

பேட்டிகளில் உன் பேச்சையே நான் எடுக்கவில்லை. நீ ஏன் போனை எடுப்பதில்லை என்று கேட்க எனக்கு வாயில்லை.

நடந்ததை விருதுக் குழுவுக்கு இன்று காலை எழுதிவிட்டேன். அவர்கள் பதில் வருவதற்குள் என்னை ஒருமுறை திட்டிவிடு, அக்கா.

உன் தங்கை