விடியாத அறையின் செடிகள்

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். மாமாவுக்கும் காட்டாதே. படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம். அம்மாவைப் பற்றியும் அப்படியே எழுத முடியவில்லை, அதனால்தான் இந்த மாதக் கடிதத்தை அவளுக்குப் பதிலாக நான் எழுதுகிறேன். போனில் சொல்லலாமே என்பாய். போன் எப்போதும் அவள் இடுப்பிலேயே இருக்கிறது. உனக்குச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியமும் வாங்கியிருக்கிறாள். அவள் கூடத்தில் படுத்திருக்கிறாள், நான் உள்ளறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு எழுதுகிறேன். பாய் அசைகிற சத்தம் கேட்டால்கூடத் தாளைத் தலையணைக்கு அடியில் செருகிவிடுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

செடி ஆராய்ச்சிக்கூடத்தில் அம்மா வெயில் விழுகிற கண்ணாடிக் கூடத்தில்தான் இன்னும் வேலை பார்க்கிறாள் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். இல்லை அக்கா. அப்பா தவறிப்போன பிறகு அவளே கேட்டு, சன்னல் இல்லாத உள் அறைக்கு மாறிக்கொண்டாள். அங்கே ராத்திரி பகல் எல்லாம் ஒரே மங்கல் வெளிச்சம், ஒரே சூடு. ஒரு விடுமுறை நாளில் என்னையும் கூட்டிப்போனாள். குளத்துக்கு அடியில் நிற்கிற மாதிரி இருந்தது. தட்டுத் தட்டாக நாற்றுகள், இரண்டு நாள் முன்புதான் வெயிலிலிருந்து உள்ளே கொண்டுவந்தவை. நாங்கள் நுழைந்தபோது இலைகள் எல்லாம் விரிந்து நின்றன. நான் மூலையில் ஸ்டூலில் சாய்ந்து கண்ணயர்ந்து எழுந்தபோது, யாரோ போய்த் தூங்கச் சொன்ன மாதிரி எல்லாம் ஒன்றாகத் தாழ்ந்திருந்தன. வெளியே வந்து பார்த்தால் பொழுது சாய்ந்திருந்தது. இங்கே வெயிலையே பார்க்காத செடிக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்டேன். அம்மா சிரித்துக்கொண்டே, உள்ளேயே கடிகாரம் வச்சிருக்குடி என்றாள். அந்த அறையை நடத்துகிற ஆராய்ச்சிக்காரம்மாவுக்கு அம்மா வைத்த பெயர் மூக்குக்கண்ணாடி. மூக்குக்கண்ணாடி சொன்னதை அம்மா தன் பாணியில் எனக்குச் சொன்னாள். இலைக்குள்ளே மரபணு மரபணுவா இருக்காம். விடியக்காலைல ஒருத்தி முழிச்சு, சாயங்காலக்காரியை வாயைத் திறக்கவிடாம அமுக்கி வச்சிருவாளாம். பொழுது ஏற ஏற இவளுக்குச் சத்து போயிருமாம். அப்ப அவ எழுந்து இவளை அமுக்குவாளாம். அவளும் ஓய்ஞ்சா மறுபடி இவ. ஒரு சுத்து வரதுக்கு ஒரு நாள் ஆகும். நீயும் உங்க அக்காளும் குளியலறைக்குச் சண்டை போட்டீங்களே, அதேதான், இதுங்க சண்டைல கதவு மட்டும் உடையலை என்றாள். விடியலே இல்லாத அந்த அறையிலும் அந்தச் சண்டை நிற்காதாம். கொஞ்சம் கொஞ்சமாகப் பிசகி மட்டும் போகுமாம். ஒரு விடியல் வெளிச்சம் பட்டால் மறுபடி சரியாகிவிடுமாம்.

கடைசி வரிசையில் ஒரு தட்டு தனியாக இருந்தது. அந்த நாற்றுகளுக்குச் சண்டை போடுகிற அந்த மரபணுவையே கெடுத்து வைத்திருக்கிறார்கள். அதன் இலைகள் விரியவும் இல்லை, தாழவும் இல்லை, பாதியில் நின்றன. வெளிச்சம் காட்டிவிட்டு மறுபடி அந்த அறையில் வைத்தாலும் அதற்குப் பொழுது தெரியாதாம். அந்தத் தட்டுக்கு மட்டும் அம்மா கொஞ்ச நேரம் கூடுதலாக நின்று தண்ணீர் ஊற்றினாள். எனக்கு அது பிடிக்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தினமும் ஒரே நேரத்துக்குத் தண்ணீர் போனால் செடி அதை வைத்தே பொழுதைக் கண்டுபிடித்துவிடும் என்று, வேலைக்கு வரவேண்டிய நேரத்தைச் சீட்டுக் குலுக்கிப் போடுகிறார்கள். ஒருநாள் மத்தியானம் வரும், அடுத்த நாள் நடுச்சாமம் வரும். செடிகளை ஏமாற்றப் போன சீட்டு அம்மாவைத்தான் ஏமாற்றிவிட்டது அக்கா. சாயங்காலம் பல் துலக்குகிறாள். நடுராத்திரியில் துணி துவைக்கிறாள். போன வாரம் என்னை உலுக்கி எழுப்பி, நேரமாச்சு நேரமாச்சு என்று தலை பின்னி, சாப்பாடு கட்டிக் கொடுத்து அனுப்பினாள். நானும் தூக்கக் கலக்கத்தில் பஸ் நிறுத்தத்தில் போய் நின்றேன். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. தெரு கூட்டுகிறவர் என்னைப் பார்த்து, ஏம்மா, உங்க ஸ்கூல்ல பேய்ங்களுக்கும் கிளாஸ் எடுக்கறாங்களா என்று கேட்டார். அவர்தான் துடைப்பத்தோடு வீடுவரை வந்து விட்டுப் போனார். உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, பாத்திரம் கருகிப் புகை, அம்மா சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். நான் அடுப்பை அணைத்த பிறகுதான் கண் திறந்தாள். முதலில் சிரித்தாள். பிறகு அழுதாள். அக்காகிட்ட சொன்னா அவ வேலையைப் போட்டுட்டு ஓடி வந்துடுவா, சொல்லாதே என்று சத்தியம் வாங்கினாள்.

கண்ணாடிக் கூடத்தில் அவளுடைய பழைய இடம் காலியாக இருக்கிறது. காலையில் போய்ச் சாயங்காலம் வரலாம். மாதக் கடைசிக்குள் சொல்லும்மா, உனக்காகத்தான் யாரையும் போடாமல் வைத்திருக்கிறேன் என்று மூக்குக்கண்ணாடியே வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். அம்மா மாட்டேன் என்கிறாள். ஏன் என்று கேட்டால், ராத்திரின்னு ஒண்ணு வந்தா வீட்ல படுக்கணும், படுத்தா பக்கத்துல வெறும் பாய்தான் இருக்கு, அந்த அறைல ராத்திரியே கிடையாதுடி என்கிறாள். அதற்கு என்ன சொல்வது என்று உனக்குத் தெரியும். அவள் என் பேச்சைக் காதில் வாங்க மாட்டாள், உன் பேச்சைத் தட்ட மாட்டாள். நீ வர வேண்டாம், ஒரு போன் போடு. நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாமல், பழைய இடத்துக்கே போம்மா என்று சொல். எனக்கு இருக்கிற பயமெல்லாம் ஒன்றுதான். அம்மா பிசகிப்போன தட்டா, கெட்டுப்போன தட்டா? பள்ளியில் கணக்குப் பாடம் நடக்கும்போதுகூட இதுதான் மனதில் ஓடுகிறது. கண்ணை மூடினால் அம்மா அந்தத் தட்டுகளுக்கு நடுவே கையைப் பாதி தூக்கிக்கொண்டு நிற்கிறாள்.

நீ உடம்பைப் பார்த்துக்கொள். குளிரில் காதை மூடாமல் போகாதே. மாமாவோடு சண்டை போட்டால் சாப்பிட்டுவிட்டுப் போடு. இதெல்லாம் அம்மா எழுதுகிற வரிகள், விட்டுப்போகக் கூடாது என்று நான் எழுதுகிறேன். நான் சின்னவள், ஆசீர்வாதம் செய்யக் கூடாது, ஆனாலும் உனக்கு நல்ல தூக்கமும் நல்ல விடியலும் கிடைக்கட்டும். மாதக் கடைசிக்குள் போன், மறந்துவிடாதே.

இப்படிக்கு, உன் வா

அக்கா, பெயரை முடிப்பதற்குள் அம்மா கதவைத் தட்டுகிறாள். திட்டவில்லை. வாலு, விடிஞ்சிடுச்சாடி என்று மெதுவாகக் கேட்கிறாள். அந்தச் செடி அறைக்கு மாறியதிலிருந்து அவள் யாரிடமும் அப்படிக் கேட்டதே இல்லை. சன்னலில் இன்னும் இருட்டுதான், ஆனால் அவள் மறுபடியும் கேட்கிறாள், இதோ கதவைத் திறக்கப் போகிறேன்.