அமைச்சரை நிமிரவைத்த சொல்

என் அன்பானவருக்கு,

இடியப்பப் பெட்டியோடு இந்தக் கடிதமும் தெல்லிப்பழைப் புற்றுநோய் வார்டுக்கு வரும். முதலில் சாப்பிடுங்கள்.

இன்று மாவட்டச் செயலகக் கூட்டத்தில் அமைச்சரிடம் எங்கள் கிணற்றுநீர் ஆய்வுக்கு நிதி கேட்டேன். எத்தனை வரைபடம் காட்டியும் அமைச்சர் கைபேசியை விட்டு நிமிரவில்லை. ஒரு மாதமாக உங்களைத்தானே அந்த வார்டுக் கட்டிலில் அமைச்சராக இருத்தி இந்தப் பேச்சைப் பேசிப் பழகினேன்? வாய் தவறிவிட்டது.

“இஞ்சாருங்கோ! நீங்கள் குடிக்கிற தண்ணியைப் பற்றித்தான் கதைக்கிறன்!”

மனைவி தன் மனிசனைக் கூப்பிடுகிற சொல்லல்லவா? மண்டபமே சிரித்தது. அவர் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.

“என்ரை மனிசி கூப்பிட்ட மாதிரிக் கிடக்கு. சொல்லுங்கோ, கேக்கிறன்.”

கடைசிவரை கேட்டார். நிதிக்கான கடிதத்தில் அங்கேயே கையெழுத்திட்டார்.

அமைச்சரே நிமிர்ந்துவிட்டார். வீட்டில்தான், அந்தச் சொல்லுக்கு நிமிர ஆளில்லை. நாளைய மருந்தை மறுக்காமல் ஏற்றிக்கொள்ளுங்கள்.

கூப்பிடக் காத்திருக்கும்,
உங்கள் மனைவி