வித்யா உருட்டிய ஹவுமியா

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். எனக்குச் சாதகமாக எதையும் மாற்ற மாட்டேன். இரண்டு முறை கழுவியும் கையிலிருந்து பிளாஸ்டிசின் களிமண் வாசனை போகவில்லை.

தேக்கா பக்கத்துச் சமூக மன்றத்தில் இன்று நம் குழுவின் அறிவியல் கண்காட்சி தொடங்கியது. டெங்கிக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோவதற்கு முந்தைய வாரம், புக்கிட் பாஞ்சாங்கில் உன் வீட்டுத் தரையில் உட்கார்ந்து பிளாஸ்டிசினில் ஐந்து குறுங்கோள்களைச் செய்தாய். சீரிஸின் உப்புத் திட்டுகளுக்கு வெள்ளைப் புள்ளிகள் ஒட்டினாய். புளூட்டோவில் பனிச் சமவெளியை இதயம்போலத் தேய்த்தாய். ஹவுமியாவை மட்டும் முட்டையாக நீட்டி, கட்டைவிரலால் அழுத்தினாய்.

"நாலு மணி நேரத்துல ஒரு சுத்து. அந்த வேகத்துல சுத்துனா நீயும் நீண்டு போயிருவ," என்றாய்.

இன்று காலை வந்து பார்த்தால் ஐந்துமே உருண்டை.

"இது ஒண்ணு நசுங்கிப் போச்சுலா. நான்தான் உருட்டி வெச்சேன்," என்றாள் குழுத்தலைவி வித்யா. நான் நன்றி சொல்வேன் என்று வேறு காத்திருந்தாள்.

"அது முட்டை வடிவம்தான். அட்டையில எழுதியிருக்கே, படிக்கலையா?"

"யாரு அட்டையெல்லாம் படிக்கப் போறா?"

அட்டையை அழகாக எழுதி ஒட்டியவளே அவள்தான்.

சிறப்பு விருந்தினர் வந்தார். "ஐயோ பாவம் புளூட்டோ! கோளே இல்லன்னு தள்ளிட்டாங்களே!" என்றார். சுற்றி நின்றவர்கள் கடமையாக உச்சுக்கொட்டினார்கள். இப்படிப்பட்டவர்களைக் கண்டால் நீ மேலுதட்டைச் சுருக்கிக்கொண்டு சொல்வாய்: "ஏரிஸ் கிட்டத்தட்ட அதே அளவு, எடை இன்னும் கூட. அதுக்கு யாரு அழுதா, கேளு."

நான் கேட்கவில்லை. அந்தப் பொய் உருண்டையோடு அவர் படம் எடுத்துக்கொண்டு கறிபஃப் பலகாரம் இருந்த மேசைக்குப் போகும்வரை வாயே திறக்கவில்லை. அவர்கள் அறியாமையைவிட என் மரியாதைதான் கேவலம்.

மாலையில் ஹவுமியாவை எடுத்து இரு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து நீட்டினேன்.

"ஏய், மறுபடியும் நசுக்குறியா?"

"ஆமா. நாளைக்குத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைங்க வர்றாங்க. அவங்க அட்டையைப் படிப்பாங்க. இதுல இனிமே கை வைக்காத."

வித்யா முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

வடிவம் திரும்பிவிட்டது. உன் விரல் ரேகை திரும்பவில்லை. இப்போது அதில் இருப்பது என்னுடையது. படிக்காமலே பாவப்படுகிறவர்களைக் கண்டால் உன்னைப்போலவே என் மேலுதடும் சுருங்குகிறது. அதை யாராலும் உருட்டிவிட முடியாது.

மேசையருகே நின்றுதான் இதை எழுதினேன். மன்றத்து ஊழியர் விளக்குகளை அணைத்துவிட்டார்.