கச்சேரி மேசையில் வைத்த பத்திரம்

அன்பு மகன் றிகாஸுக்கு,

உம்மாட ஸலாம். அல்லாஹ்ட காவல்ல நீங்களும் மருமகள் பஹ்மிதாவும் அந்த நோர்வேக் குளிர்ல சொகமா இருக்கணும்னு ஒவ்வொரு தொழுகையிலயும் கேட்டுக்கிட்டிருக்கேன். இங்க நாங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கிறோம், வாப்பாட முழங்கால் வலிதான் மழைக்குக் கொஞ்சம் கூடுது. ஃபோன்ல சொல்ல வாய் வராத ஒரு விஷயம் இருக்கு, அதுதான் எழுதுறேன்.

போன மாசம் கிராம சேவகர் ஆபீஸ்ல தேர்தல் வட்டாரங்களைப் புதுசாப் பிரிக்கிற வரைபடம் ஒட்டியிருந்துச்சு. நம்ம தாவளத்தடியைப் பக்கத்து வீடுகளோட சேத்து அலுவிகாரை வடக்குன்னு போட்டிருந்தாங்க, நம்ம பேரே அதுல இல்ல. பக்கத்து வீட்டு லாபிர் நானா மட்டும், பேர் சோறு போடுமா, தண்ணி பைப்புக்கு அலையிறதை விட்டுட்டு இது எதுக்குன்னு கேட்டார். வாப்பாவுக்குப் பொறுக்கல. ராஜாக்கள் காலத்துல உப்பும் கருவாடும் சுமந்து வந்த தாவள மாடுகளை நம்ம ஆக்கள் கட்டி வெச்ச இடம், இந்தப் பேரும் போனா நாளைக்கு நம்மள நேத்து வந்தவங்கன்னு சொல்லிடுவாங்கன்னு அன்னைக்கே ஆட்சேபணை எழுத உக்காந்தாங்க. எதிர் வீட்டு தினுஷா டீச்சர் அதைச் சிங்களத்துல எழுதித் தந்து, எங்க அம்மாவும் இந்த இடத்தைச் சிங்களத்துல 'தவலம'ன்னுதான் சொல்லுவா, இது எனக்கும் ஊர்தானேன்னு தானும் கையெழுத்து வெச்சா.

நானும் வாப்பாவும் மாத்தளைக் கச்சேரிக்கு, அதான் மாவட்டச் செயலகத்துக்கு, போனோம்; அங்க விசாரிச்ச அதிகாரி மரியாதையான மனுஷன். கதையெல்லாம் சரி, அரசாங்கப் பதிவுல இந்தப் பேர் எங்கயாவது இருக்கான்னு கேட்டார். வாப்பா ஊர்ப் பேர் செதுக்கின பள்ளிவாசல் கல்லோட போட்டோவைக் காட்டினாங்க, அது பதிவாகாதுன்னுட்டார். நான் பேக்கில இருந்த கவரை எடுத்து மேசையில வெச்சேன்.

மகன், உங்களுக்கு முந்தி ஒரு பிள்ளை பிறந்து மௌத்தானது மட்டும்தான் உங்களுக்குத் தெரியும். அவர் பேர் அன்ஸாப். நீங்க மாத்தளை ஆஸ்பத்திரியில பிறந்தீங்க, அவர் இந்த வீட்டுலயே பிறந்தார், அதனால பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்துல பிறந்த இடம் தாவளத்தடின்னு எழுதியிருக்கு. எட்டாம் நாள் வாப்பா போய்ப் பதிஞ்சாங்க, பதினோராம் நாள் அவர் இல்ல. அதுக்குப் பிறகு வாப்பா அந்தப் பேரை வாயில எடுத்ததே இல்ல. நான் பத்திரத்தை அலுமாரியில உடுப்புக்கு அடியில வெச்சிருந்தது அவங்களுக்குத் தெரியாது. அதைக் கொண்டு போனதுக்குக் கோவிப்பாங்களோன்னு பஸ்ஸில கவரை வெளிய எடுக்கவே இல்ல.

அதிகாரி வாசிச்சுட்டு இவர் இப்ப எங்க இருக்கார்னு கேட்டார். நான் வாய் திறக்க முந்தி வாப்பா, அன்ஸாப் எங்கட மூத்த மகன், ஊர் மையவாடியில இருக்கார்னு சொன்னாங்க. நாப்பது வருஷத்துக்குப் பிறகு அந்தப் பேரை அவங்க வாயால கேட்டேன். அதிகாரி தானே எழுந்து போய்ப் பத்திரத்தைப் போட்டோ கொப்பி எடுத்துக்கிட்டு, அசலை ரெண்டு கையாலயும் என்கிட்டத் தந்தார்.

போன கிழமை கடிதம் வந்துச்சு. வட்டாரத்துக்குத் தாவளத்தடின்னே பேர் வைக்கிறாங்க. ஆனா வரைபடத்துல போட்ட எல்லையை மாத்தல, நம்ம ஊர்ல ஓடைக்கு அந்தப் பக்கத்துப் பன்னிரண்டு வீடு பக்கத்து பலாபத்வல வட்டாரத்தோட போகுது. உம்மு குல்தூம் மச்சியும் அதுல ஒருத்தி, வந்து அழுதா. வோட்டுப் போடுற இடம்தானே மாறுதுன்னு நான் சொன்னேன், அவ மனசு ஆறல, என் மனசும்தான்.

வாப்பா இப்ப அசர் தொழுகைக்குப் பிறகு மையவாடிக்குப் போய், அன்ஸாப் அடங்கியிருக்கிற இடத்துல நின்னுட்டு வாறாங்க. நேத்து வந்து உக்காந்து, அவர் கண் யாரை மாதிரி இருந்துச்சு, எனக்கு மறந்து போச்சுன்னு கேட்டாங்க. றிகாஸ்ட கண்ணேதான்னு சொன்னேன்.

மருமகளைக் குளிர்ல வெறுங்காலோட நடக்க விடாதீங்க. அல்லாஹ் உங்க ரெண்டு பேருக்கும் நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தருவான். இனித் துஆ கேக்கிறப்ப உங்க மூத்தவர் அன்ஸாப் நானாட பேரையும் சொல்லுங்க மகன்.

உங்க நினைப்போட,
உம்மா அபீபா