ஒரே மனைக்கு இரண்டு பேர்

அக்கா,

இன்று காலை கொல்லிமலைச் செம்மேட்டிலிருந்து இறங்கிய பஸ்ஸில் யாரோ பலாப்பழ மூட்டையைப் பின்சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டிருந்தார்கள். ஒவ்வொரு வளைவிலும் பஸ் சாய்ந்து திரும்பும்போது வாசனை முன்னால் வந்து போனது. பக்கத்தில் இருந்த பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்கு உங்கள் நினைவு வந்துவிட்டது. பலாக் காலத்தில் வெறுங்கையோடு நீங்கள் மலையிறங்கி நான் பார்த்ததில்லை.

நாம் முதலில் சந்தித்தது சண்டையில். நாமக்கல்லுக்கு வெளியே, கோட்டைப் பாறை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், புதிதாகப் பிரித்துப் போட்ட வீட்டுமனைகள். கோட்டையைப் பார்த்த மனை, விலை ஏறிக்கொண்டேதான் போகும் என்று சொல்லி விற்றுக்கொண்டிருந்தார் அந்த புரோமோட்டர். தூத்துக்குடிப் பக்கமிருந்து மலை ஆஸ்பத்திரிக்கு நர்ஸாக வந்து, குவார்ட்டர்ஸிலேயே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்த எனக்கும் ஆசை பிடித்தது. வாங்கிவிட்டேன். கம்பிவேலி போட ஆளைக் கூட்டிக்கொண்டு போனால், என் மனையில் நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் கல் நட்டுக்கொண்டிருந்தீர்கள்.

நான் சத்தம் போட்டேன். உங்கள் வீட்டுக்காரரும் விடவில்லை. நீங்கள்தான் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு என் பத்திரத்தைக் கேட்டீர்கள். உங்களுடையதையும் மடிப்பையிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தீர்கள். அதே மனை எண், அதே நான்கு எல்லை, விற்றவரும் அவரே. உங்கள் பதிவு முந்தியது, என்னுடையது பிந்தியது. எனக்கு அவர் காட்டிய வில்லங்கச் சான்று, நீங்கள் வாங்குவதற்கு முன்னால் எடுத்த பழைய தாள். அந்த வெயிலில் நின்றுதான் இது எனக்கு விளங்கியது. மனை உங்களுடையது. எனக்கென்று அங்கே ஒரு பிடி மண்ணும் இல்லை. அப்படியே மண்மேட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

“நம்முளுதுதான் முந்தி. வா, வேலையப் பாக்கலாம்” என்றார் உங்கள் வீட்டுக்காரர்.

நீங்கள் நகரவில்லை. “முந்தினது நம்முளுதுன்னு நாம கல்ல நட்டுட்டுப் போயிட்டா, ரெண்டு தடவ வித்தவனுக்குத்தான நல்லது” என்றீர்கள். பிறகு என் பக்கத்தில் வந்து குந்தி, எந்த ஊர் என்று கேட்டீர்கள். செம்மேட்டு ஆஸ்பத்திரி என்றேன். உங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “எங்குளுக்குத் தேவனூர் நாடுங்க, நர்சம்மா. ஒரே மலையில இருந்து எறங்கி வந்தது இங்க சண்ட போடறதுக்குங்களா?”

சட்டம் உங்கள் பக்கம் இருந்தது அக்கா. நீங்கள் ஒன்றும் செய்திருக்க வேண்டியதில்லை. இத்தனை வருஷத்தில் எத்தனையோ நல்லவர்களைப் பார்த்துவிட்டேன். கையில் தன் பங்கு பத்திரமாக இருக்கும்போது அடுத்தவருக்காக வெயிலில் நின்றவர்கள் அதிகமில்லை.

போலீஸில் மனுக் கொடுத்தோம். அது நத்தையாக ஊர்ந்தது. புரோமோட்டர் நம் இருவரையும் பிரிக்கப் பார்த்தார். பணத்தைத் திருப்பித் தருகிறேன், அந்த மலைக்காரம்மாவோடு மட்டும் சேராதீர்கள் என்று எனக்கு போன் செய்தார். உங்களிடம், மனையைச் சுற்றிக் காம்பவுண்டு கட்டித் தருகிறேன், இதில் தலையிடாதீர்கள் என்றாராம். அடுத்த சந்தை நாளிலிருந்து, மிளகையும் வாழைக்காயையும் விற்று முடித்ததும் நேரே அவர் ஆபீஸுக்கு வந்து, வாடிக்கையாளர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டீர்கள். எனக்கு லீவு கிடைத்த நாட்களில் நானும் பக்கத்தில் இருந்தேன். குடும்பத்தோடு மனை பார்க்க வருகிறவர்களிடம் குரலை உயர்த்தாமல் நீங்கள் சொன்னது இப்போதும் என் காதில் இருக்கிறது.

“வாங்குங்க சாமி, நல்ல எடந்தான். எங்க ரெண்டு பேரு பத்திரத்தையும் ஒருக்காப் பாத்துட்டு வாங்குங்க.”

வந்தவர்கள் பார்த்தார்கள். பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். வெளியே போங்கள் என்று புரோமோட்டர் கத்திய நாளில் நான் பையைத் தூக்கிக்கொண்டேன். நீங்கள் எழுந்து வாசலுக்கு வெளியே போய் நின்றுகொண்டு, அதையே அங்கிருந்து சொன்னீர்கள்.

மழைக்காலம் முடிவதற்குள் அவர் இறங்கி வந்தார். பின்வரிசையில், பள்ளத்தில் ஒரு மனையை எனக்கு மாற்றித் தருவதாகச் சொன்னார். நான் தலையாட்டிவிடப் போனேன். நீங்கள் என் கையைப் பிடித்து நிறுத்தி, உங்கள் மனையை ஒட்டி அவர் தனக்கென்று வைத்திருந்த மூலை மனையைக் கேட்டீர்கள். அவர் பதறினார். “பக்கத்துல தெரிஞ்ச மூஞ்சி ஒண்ணு வேணுமுங்க” என்றீர்கள். அதைத்தான் எழுதிக் கொடுத்தார். இந்த முறை வில்லங்கச் சான்றை நானே போய் எடுத்தேன்.

இரண்டு வீடுகளும் எழும்பின. உங்களுடையது இரண்டு அறை, முன்னால் கொஞ்சம் தாராளமான கூடம். மலையில் காடு கழனி இருக்கும்போது கீழே எதற்கு வீடு என்று உங்கள் சொந்தங்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். காரணத்தை ஒரு நாள் சுவருக்குத் தண்ணீர் விட்டபடி எனக்குச் சொன்னீர்கள். உங்கள் தங்கையைப் பிரசவத்துக்குக் கீழே கொண்டுவந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் ஈரத் தரையில் படுத்துக் கிடந்திருக்கிறீர்கள். ஊருக்குப் போய்வரப் பஸ் இல்லை, தங்க இடமும் இல்லை. “மலைய உட்டுட்டு வாரதுக்கில்லீங்க. எறங்கினா நிக்கறதுக்கு ஒரு எடம்” என்றீர்கள்.

அந்தக் கூடம் காலியாக இருந்து நான் பார்த்ததில்லை. உங்கள் மகள் காலேஜுக்குப் போய்வந்தது அங்கிருந்துதான். மலையில் அரியூர் நாட்டு ஊர்களிலிருந்து கண் ஆபரேஷனுக்கு வந்தவர்கள், பரீட்சை எழுத வந்த பெண்கள், எல்லோரும் அங்கேதான் படுத்தார்கள். நர்ஸ் பக்கத்து வீட்டில் இருக்கிறாள் என்று என்னையும் உதவிக்கு அழைத்துக்கொண்டீர்கள். மனை விலை ஏறி, புரோக்கர்கள் வந்து கதவைத் தட்டியபோது, அவர்களையும் கூடத்தில் உட்காரவைத்து மோர் கொடுத்து அனுப்பினீர்கள்.

ஒரு பொங்கல் விடுமுறையில் நாம் கோட்டைப் பாறை மேல் ஏறினோம். நான் மூச்சு வாங்க நின்றேன். நீங்கள், இத்தனூண்டு பாறைக்கா இவ்வளவு பேச்சு என்று சிரித்துக்கொண்டே முன்னால் போனீர்கள். மேலே நின்று ஊரின் கூரைகளில் நம் இரண்டு வீடுகளைத் தேடிக் கண்டுபிடித்தீர்கள். பிறகு தூரத்தில் நீலமாகக் கிடந்த கொல்லிமலையைக் காட்டி, “அதும் நம்மூடு, இதும் நம்மூடு” என்றீர்கள். அப்போது உங்கள் முகத்தில் இருந்த நிறைவை வேறு யார் முகத்திலும் நான் பார்த்ததில்லை.

போன ஐப்பசியில் பக்கவாதம் வந்து உங்களைக் கீழே கொண்டுவந்தார்கள். ஆஸ்பத்திரியில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். உங்களால் பேச முடியவில்லை. உங்கள் சொந்தங்கள் அத்தனை பேருக்கும் உங்கள் நாமக்கல் வீட்டில்தான் உலை கொதித்தது. உங்களை மலைக்கே கொண்டுபோய் அடக்கம் செய்தோம். இப்போது வீட்டை உங்கள் மகள் பார்த்துக்கொள்கிறாள். கூடத்தில் இன்றைக்கும் யாரோ பாய் விரித்திருக்கிறார்கள்.

போன வாரம் தாலுகா ஆபீஸுக்குப் போயிருந்தேன். என் பட்டா நகல் கைக்கு வந்துவிட்டது, பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது. பக்கத்தில் நம் மலையின் பெரக்கரை நாட்டுப் பெரியவர் ஒருவர். அவர் மனுவை நாளைக்கு வா என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்பென்றால் பாவம் என்று நினைத்துக்கொண்டே படியிறங்கியிருப்பேன். என் காரியம் முடிந்தது என்று எழுந்தவள், மறுபடியும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன், அக்கா.